பாட்டி இன்னிக்கு வடை சுட்டா? பழைய கதைகளை நையாண்டியாத் திருப்பிச் சொல்லும் இழை

#1 காக்கா_கரிசல்

தங்கச்சி மகளுக்கு நாலரை வயசு. லீவுக்குக் கோவில்பட்டி வந்திருக்கா. ராத்திரி கதை சொல்லுங்க மாமான்னு மடியில ஏறிக்கிட்டா. நமக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. ஒரு ஊர்ல ஒரு பாட்டி வடை சுட்டாளாம், காக்கா வந்து ஒரு வடையைத் தூக்கிட்டுப் போச்சாம்னு சொன்னதும் கேக்குறா: "காக்கா ஏன் மாமா ஆர்டர் போடல?"

சிரிச்சு முடிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. அப்புறம் தூக்கம் வரல. அந்தக் கதையை இன்னைக்கு நடக்குற மாதிரி எழுதிப் பார்த்தேன்:

"காக்கா வடையோட வேப்பமரத்துல உக்காந்து முதல்ல ஒரு செல்ஃபி எடுத்துச்சு. நரி கீழ இருந்து கமெண்ட் போட்டுச்சு: 'சகோ, உங்க வாய்ஸ் வேற லெவல். லைவ் வாங்க.' காக்கா லைவ் வந்து 'கா'ன்னு ஆரம்பிச்சுச்சு. வடை விழுந்துச்சு. நரி தின்னுட்டு, 'செம கன்டென்ட்'னு ஒரு ஹார்ட் விட்டுட்டுப் போயிருச்சு. வடை போச்சேன்னு காக்கா அழல. வியூஸ் மூணு லட்சம்."

உங்களுக்குத் தெரிஞ்ச பழைய கதை எதையாச்சும் எடுத்து, நாட்டு நடப்பைக் கிண்டல் பண்ணி எழுதுங்க. ராஜா கதை, வெள்ளைக்காரன் கதை எதுவானாலும் சரி.

#2 ஓட்டைவடை

செம. ஒரே ஒரு சந்தேகம். மசால் வடையா, உளுந்து வடையா? காக்கா அலகுல நிக்கணும்னா நடுவுல ஓட்டை இருந்தாத்தான் வசதி. இது தெரியாம மேல பேச முடியாது.

#3 மூலப்பிரதி

காக்கா_கரிசல், கோவித்துக்கொள்ளாதீர்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் இது நையாண்டி இல்லை, வேஷம் மாற்றியது. காக்கை ஏமாறுகிறது, நரி தின்கிறது. 2,000 வருஷமாக அதுதானே நடக்கிறது? கையில் ஒரு போனைக் கொடுத்துவிட்டால் சமூக விமர்சனம் ஆகிவிடுமா? பழைய கதை எதைச் சொல்லாமல் விட்டதோ, அங்கே கை வைக்க வேண்டும்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஈசாப் பெயரில் வழங்கும் கதையில் பாட்டி கிடையாது. லத்தீனில் பீட்ரஸ் எழுதியதில் காக்கை ஒரு ஜன்னலிலிருந்து பாலாடைக்கட்டியைத் திருடிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்கிறது, அவ்வளவுதான். யாருடைய ஜன்னல் என்பது பற்றிப் பேச்சே இல்லை. நம் ஊருக்கு வந்தபிறகு கட்டி வடையாயிற்று. வடை என்றால் சுடுவதற்கு ஒருத்தி வேண்டுமே, பாட்டியும் வந்துவிட்டாள். திருட்டுக் கொடுத்தவளுக்கு முகம் கொடுத்தது நம் ஆட்கள்தான். கொடுத்த கையோடு, இரண்டாவது வரியிலேயே அவளை மறந்துபோனதும் நம் ஆட்கள்தான். கதை முழுக்கக் காக்கையும் நரியும்தான்.

#4 ஓட்டைவடை

அதெல்லாம் சரி சார். மசாலா, உளுந்தா?

#5 பெரியகுளம்_டீச்சர்

மூலப்பிரதி சொன்னதைப் படிச்சதும் எனக்கு ஒரு நோட்டு ஞாபகம் வந்துடுச்சு. ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். போன வருஷம் இதே கதையைச் சொந்தமா மாத்தி எழுதச் சொன்னேன். மொத்தம் முப்பத்தெட்டு நோட்டு. அதுல முக்கால்வாசி காக்கா ஜெயிச்ச கதை, அதாவது வடையைக் காலுக்கடியில வச்சுட்டுப் பாடுற காக்கா. அது இப்ப எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருத்தி நரிக்குச் சர்க்கரை வியாதி வர வச்சிருந்தா.

ஒரு பையன். அவங்க அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில பஜ்ஜி, வடை போடுறாங்க. அவன் நோட்டுல நாலே வரி:

"பாட்டி இருபது வடை சுட்டாள். பத்தொன்பது விற்றாள். ராத்திரி தண்டல்காரர் வந்தார். இருபது வடைக்குக் கணக்குக் கேட்டார்."

காக்கா எங்கடான்னு கேட்டேன். "அது அப்பவே போயிருச்சு டீச்சர்"னான். எத்தனை மார்க் போடுறதுன்னு தெரியாம அந்த நோட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன்.

#6 நெல்லியடி_நரி

டீச்சர், அந்தப் பெடியனுக்குப் பத்துக்குப் பத்தும் போடுங்கோ.

காலுக்கடியில வடையை வைக்கிற காகத்தின்ர கதை எங்கட பக்கமும் இருக்கு. சின்னனில கேக்கேக்க, கெட்டிக்காரக் காகம் எண்டு கை தட்டின நாங்கள். இப்ப யோசிச்சுப் பார்த்தா, களவெடுத்த வடையைப் பறிகுடுக்காமல் காப்பாத்தின காகம் அது. அம்மம்மா இந்தக் கதையைச் சொல்லி முடிச்சிட்டு, "நல்லாப் படிச்சா நீயும் அப்பிடி வரலாம்" எண்டு சொல்லுவா. அந்த நேரம் எனக்கு அதில ஒரு பிழையும் தெரியேல்ல.

#7 காக்கா_கரிசல்

மூலப்பிரதி திட்டுனது உறைக்குது. நாலு வரியில ஒரு ஆறாங்கிளாஸ் பையன் என்னைத் தோக்கடிச்சுட்டான். சரி, அடுத்தது யாரு?

#8 நைட்ஷிப்ட்_ஆந்தை

நான் ஒண்ணு விடுறேன். சிவப்புத் தொப்பிப் பொண்ணும் ஓநாயும்.

காட்டுல நடந்து அலையுற வேலையெல்லாம் ஓநாய் விட்டுருச்சு. உக்காந்த இடத்துல இருந்தே பாட்டிக்கு வீடியோ கால் போட்டுச்சு. காக்கிச் சட்டை, பின்னாடி சுவத்துல சிங்கமுகச் சின்னம், மேசையில குட்டிக் கொடி.

"அம்மா, உங்க பேர்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு. உள்ள அஞ்சு பாஸ்போர்ட், போதை மாத்திரை. உங்களை டிஜிட்டல் கைது பண்ணியிருக்கோம். கேமராவை விட்டு நகரக் கூடாது. யார்கிட்டயும் பேசக் கூடாது."

பாட்டி முப்பது வருஷம் கவர்மெண்ட்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. சட்டம்னா பயம். அதனாலதான் மாட்டுனா.

"ஐயா, உங்க காது ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?"

"உங்க வாக்குமூலத்தைக் கேக்கத்தான்மா."

"கண்ணு ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?"

"உங்க பாஸ்புக்கைப் பாக்கத்தான்மா."

"பல்லு..."

"அதை அப்புறம் பேசுவோம். இப்ப உங்க போனுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க."

பொண்ணு தூக்குல இட்லியோட வந்து கதவைத் தட்டுனா. உள்ள இருந்து பாட்டி குசுகுசுன்னு சொன்னா: "போயிரு கண்ணு, நான் கைதுல இருக்கேன்."

பொண்ணு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிச்சா. அதுக்குள்ள பணம் காடு தாண்டிப் போயிருந்துச்சு. வேட்டைக்காரன் வந்து ஓநாய் வயித்தைக் கிழிச்சான். உள்ள பாட்டியும் இல்ல, பணமும் இல்ல. மாசம் மூவாயிரம் வாடகைக்கு விட்ட பேங்க் அக்கவுண்ட் பதினொண்ணு இருந்துச்சு. எல்லாம் காலேஜ் பசங்க பேர்ல. அதுல ஒண்ணு வேட்டைக்காரன் மகனோடது.

#9 மூலப்பிரதி

ஆந்தை, இது வேறு தினுசு. போனைக் கையில் கொடுத்ததால் அல்ல, பாட்டி ஏன் மாட்டினாள் என்று எழுதினீர்களே, அதனால்.

இந்தக் கதை 1697-ல் பிரெஞ்சில் சார்ல் பெரோ அச்சிட்ட வடிவத்தில் வேட்டைக்காரனே கிடையாது. ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பெண்ணைத் தின்கிறது, கதை முடிந்தது. வயிற்றைக் கிழித்து இருவரையும் மீட்பது 1812-ல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில். பெரோ கடைசியில் ஒரு செய்யுள் சேர்த்திருக்கிறார்: எல்லா ஓநாயும் ஒரே ஜாதியில்லை, உறுமாமல் இதமாகப் பேசி வீட்டுக்குள் வரை வருகிற ஓநாய்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று. அரண்மனைப் பக்கம் புழங்கிய இளம்பெண்களை மனதில் வைத்துச் சொன்னது. ஆக, அது பிறந்தபோதே அந்தக் காலத்து மேல்தட்டைக் குத்தத்தான் அச்சேறியது. குழந்தைகளுக்கான சர்க்கரைப் பாகெல்லாம் பிறகு ஊற்றியது.

இன்னொன்று. பெரோவில் பாட்டி எழுந்து போய்க் கதவைத் திறப்பதில்லை. உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவள், முளையை இழு, தாழ் விழுந்துவிடும் என்று வெளியே நிற்கிறவனுக்குப் படுக்கையிலிருந்தே வழி சொல்லிக்கொடுக்கிறாள். உங்கள் ஆறு நம்பர் அதேதான். தெரிந்துதான் எழுதினீர்களா?

#10 நைட்ஷிப்ட்_ஆந்தை

தெரியாது சார். எங்க பெரியம்மாவுக்கு நடந்தது. பதினாலு மணி நேரம் கேமரா முன்னாடி உக்காந்திருந்தாங்க. பாத்ரூம் போகக்கூட அனுமதி கேட்டிருக்காங்க.

#11 ரெண்டாவது_அட்டெம்ப்ட்

ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டுப் போறவன். முதல் பதிவு.

சிண்ட்ரெல்லா கதையை கிரிம் சொன்ன விதத்துல ஒரு இடம் வரும். செருப்பு மூத்த அக்காவுக்குப் பத்தல. அம்மா கத்தியை எடுத்துக் குடுத்து, கட்டை விரலை வெட்டிக்கோ, ராணி ஆயிட்டா அப்புறம் நடக்கவே வேண்டியதில்லைன்னு சொல்லுவா. அடுத்தவளுக்குக் குதிகால். ரத்தம் சொட்டச் சொட்டக் குதிரையில ஏறிப் போவாங்க, இளவரசனுக்குத் தெரியாது. மரத்துல இருக்குற புறா சொல்லித்தான் திரும்பிப் பார்ப்பான்.

நான் எழுதுன கதை சின்னது:

"செருப்பு கொஞ்சம். கால் இருபது லட்சத்துக்கு மேல. ஊருக்கு ஊர் செருப்புப் பயிற்சி மையம் வந்துச்சு. காலை அஞ்சு மணிக்கு விரலை மடக்கிப் பழகணும். கிரிக்கெட் விளையாடுனா கால் அகலமாயிரும்னு பேட்டைப் பூட்டி வச்சாங்க. போன வருஷம் அரை அங்குலத்துல விட்டவனை, இன்னொரு வருஷம் உக்காந்து தேய்னாங்க. செருப்பு பொருந்துனவன் படம் பஸ் பின்னாடி வந்துச்சு. அம்மா சொன்னா: உள்ள போயிட்டா அப்புறம் நடக்கவே வேண்டாம்டா."

என்னோட ஹாஸ்டல் ரூமுக்கு எதிர்லயே அந்த பஸ் நிக்கும்.

#12 பெரியகுளம்_டீச்சர்

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஹாஸ்டல்ல நேரத்துக்குச் சாப்பிடுங்க.

#13 காக்கா_கரிசல்

நம்ம ஊர்ச் சரக்கு ஒண்ணைக் கையில எடுக்கிறேன். பரமார்த்த குரு. வீரமாமுனிவர் எழுதுனது. இத்தாலிக்காரர் வந்து தமிழ்ல எழுதுன கிண்டல் கதை, 1822-ல லண்டன்லயே அச்சாயிருக்கு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு சீடனுங்க பேரைக் கேட்டாலே போதும்.

அதுல குருவுக்குக் குதிரை வாங்கக் காசு பத்தாம, பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு நம்பி வாங்குவாங்க. வர்ற வழியில அது விழுந்து உடையும், புதர்ல இருந்து ஒரு முயல் ஓடும், ஐயோ குதிரைக் குட்டி ஓடுதேன்னு துரத்துவாங்க. கடைசியில குரு, இவ்வளவு வேகமா ஓடுற குதிரை இந்த வயசுல நமக்கெதுக்குன்னு மனசைத் தேத்திக்குவார்.

இன்னைக்கு: "மட்டியும் மடையனும் பெருந்துறைக்குப் போனாங்க. குதிரை முட்டை தீந்துருச்சு, ஈமு முட்டைதான் இருக்குன்னாங்க. குஞ்சு நாங்க தர்றோம், தீனி நாங்க தர்றோம், மாசாமாசம் பணமும் நாங்க தர்றோம்னாங்க. அப்ப நாங்க எதுக்குன்னு பேதை கேக்கல, ஏன்னா அவன் பேரே பேதை..."

#14 ஈரோட்டு_மஞ்சள்

நிறுத்துங்க.

எங்க மாமா ஈமு போட்டவரு. 2012-ல எல்லாம் கவுந்தப்போ நான் காலேஜ். அவரு பேதை கிடையாது. பத்து வருஷமா மஞ்சளுக்கு எந்த மாசம் விலை ஏறும்னு கணக்குப் போட்டு வித்தவரு. காட்டைச் சுத்தி ஆளுயரத்துக்குக் கம்பிவலை அடிச்சு, பட்டி போட்டு, தாலிக்கொடி அடமானம் வச்சுப் பணத்தைக் கட்டுனாரு. முதல் ஆறு மாசம் பணம் ஒழுங்கா வந்துச்சு, அதுல டிவி வாங்குனாங்க. டிவியில சினிமாக்காரங்க வந்து அதே ஈமுவுக்கு விளம்பரம் பண்ணுனாங்க. மழை பொய்ச்சுப்போன ஊர்ல மாசச் சம்பளம் மாதிரி ஒண்ணு வருதுன்னா யாருங்க வேண்டாம்பாங்க?

கம்பெனியை மூடுனதுக்கு அப்புறம் அந்தப் பறவைங்க தீனி இல்லாம வலையில தலையை விட்டுக்கிட்டு நிக்கும். எங்கத்தை வீட்டு அரிசியைக் கொண்டுபோய்க் கொட்டுவாங்க. நீங்க சிரிக்கிறது அவங்களைப் பார்த்து.

#15 காக்கா_கரிசல்

அண்ணே, நான் உங்க மாமாவைச் சொல்லல. பேராசையைத்தான்...

#16 ஈரோட்டு_மஞ்சள்

பேராசைன்னு வித்தவனைச் சொல்லுங்க. அவன் பேரு உங்க கதையில எங்கயாச்சும் வருதா? பூசணிக்காய் வித்தவனுக்குப் பேரே கிடையாது. வாங்குனவனுக்கு மட்டும் மட்டி, மடையன்னு அஞ்சு பேரு.

#17 மட்டுறுத்துநர்

இருவரும் தனிமடலில் தொடரலாம். இழையை மூடும் எண்ணம் இல்லை. #13-ஐ நீக்கக் கேட்டு மூன்று முறையீடுகள் வந்துள்ளன. நீக்கினால் #16 புரியாது, ஆகவே இருக்கட்டும்.

#18 மூலப்பிரதி

#16-க்கு என்னிடம் பதில் இல்லை. பரமார்த்த குருவை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பூசணிக்காய்க்காரன் கதையில் வருகிறான், ஆட்கள் அசடு என்று தெரிந்துகொள்கிறான், காசை வாங்கிக்கொள்கிறான், போய்விடுகிறான். வீரமாமுனிவருக்கு அவன்மேல் கோபமில்லை, அவர் குறி குருவும் சீடர்களும். மடத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிறவர்கள் அசடாக இருந்தால் சிரிக்கலாம். வாய்க்கால் வற்றின ஊரில் மாசப் பணத்துக்கு ஆசைப்பட்டவனை அதே நாற்காலியில் உட்கார வைத்தால், சிரிப்பு கீழே இருக்கிறவன் தலையில் விழுகிறது. காக்கா_கரிசல் செய்த பிசகு அது. கதையை எடுத்தார், நாற்காலியைப் பார்க்கவில்லை.

#19 நெல்லியடி_நரி

அப்ப பூசணிக்காய்க்காரனை எழுதுங்கோ. கலியாண மண்டபத்தில கூட்டம் வைக்கிறான். வாசல்ல பன்னீர் தெளிக்கினம். மேடையில ஒரு பூசணிக்காய், மாலை போட்டு, குத்துவிளக்கு ஏத்தி. முன்வரிசையில குருவும் அஞ்சு சீடரும் இருக்கினம், வாங்க வரேல்ல, இலவசமா வந்து ஆசீர்வாதம் பண்ண. வாங்கிற சனம் பின்னால நிக்குது. முன்னுக்கு இருக்கிற குருவைப் பார்த்துத்தான் சனம் நம்புது.

#20 ஈரோட்டு_மஞ்சள்

இது சரி. இப்படித்தான் நடந்துச்சு.

#21 காக்கா_கரிசல்

மஞ்சள் அண்ணே, மன்னிச்சுக்குங்க. தப்புதான்.

#22 நைட்ஷிப்ட்_ஆந்தை

பேச்சை மாத்துறேன். ராஜாவுக்குத் துணியில்லாத கதையை யாரும் தொடலையே?

எங்க ஆபீஸ்ல போன மாசம் ஒரு மீட்டிங். செயற்கை நுண்ணறிவு வச்சு எல்லாத்தையும் தானே பண்ணிக்கிற சிஸ்டம்னு ஒண்ணைக் காமிச்சாங்க. பெரிய திரை. நடுவுல ஒரு நீல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, பத்து நிமிஷம். டைரக்டர் "பவர்ஃபுல்"னாரு. பக்கத்துல இருந்தவரு "கேம் சேஞ்சர்"னாரு. நானும் தலையை ஆட்டுனேன், பொய் சொல்ல மாட்டேன். புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு மட்டும், "சார், இது லோட் ஆகலன்னு நினைக்கிறேன்"னா. ரூம்ல சத்தமே இல்ல. அப்புறம் டைரக்டர் சொன்னாரு: "குட் கொஸ்டின். அதை ஆஃப்லைன்ல எடுத்துக்கலாம்."

மீட்டிங் தொடர்ந்துச்சு.

#23 மூலப்பிரதி

அந்த "தொடர்ந்துச்சு" இருக்கிறதே, ராஜா கதையை எழுதிய ஆண்டர்சன் முடித்த இடம் அதுதான். எல்லோரும் குழந்தை கத்தியதோடு கதை முடிந்ததாக நினைக்கிறார்கள். 1837-ல் அச்சான டேனிஷ் கதையில் அதற்குப் பிறகும் இருக்கிறது. ஊரே குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, ராஜாவுக்கு உடம்பு கூசுகிறது, அவர்கள் சொல்வது சரி என்றே அவருக்கும் படுகிறது. ஆனாலும் ஊர்வலம் முடிகிறவரை தாங்கித்தான் ஆக வேண்டும் என்று நெஞ்சை இன்னும் நிமிர்த்திக்கொள்கிறார். பின்னால் வருகிற அரண்மனை ஆட்கள் இல்லாத அங்கியின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடியே நடக்கிறார்கள். உண்மை வெளிவந்த பிறகும் ஒன்றும் நிற்கவில்லை. கதையின் முள் அங்கேதான் இருக்கிறது. குழந்தையைப் பாராட்டி, முள்ளைப் பிடுங்கிவிட்டுத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

இந்தக் கதை அவர் சொந்தக் கற்பனையும் அல்ல. 1335-ல் ஸ்பெயினில் டான் ஹுவான் மனுவேல் எழுதிய தொகுப்பில் இருக்கிறது. அதில் துணி யார் கண்ணுக்குத் தெரியாது தெரியுமா? தன் தகப்பனுக்குப் பிறக்காதவன் கண்ணுக்கு. பிறப்பில் சந்தேகம் வந்தால் சொத்து போய்விடும், அதனால் ராஜா முதல் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். உண்மையைச் சொல்கிறவன் குழந்தை அல்ல, ராஜாவின் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கறுப்பின ஆள். நான் யாருக்குப் பிறந்தேன் என்று நீங்கள் நினைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்கிறான். அவனுக்குப் போக என்ன சொத்து இருக்கிறது?

500 வருஷம் கழித்து ஆண்டர்சன் அந்த இடத்தை மாற்றினார்: பார்க்கிற பதவிக்குத் தகுதியில்லாதவன் கண்ணுக்கும், திருந்தாத மடையன் கண்ணுக்கும் துணி தெரியாது என்று. பிறப்பைப் பற்றிய பயம் போய், உத்தியோகத்தைப் பற்றிய பயம் வந்துவிட்டது. நெசவு, ஊர்வலம், ராஜா எல்லாம் அப்படியே இருக்க, பயத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். புதுக் கதை ஆகிவிட்டது. காக்கா_கரிசலிடம் நான் முதலிலேயே இதைத்தான் சொல்ல நினைத்தேன், சரியாக வாய் வரவில்லை. போனை மாற்றாதீர்கள், பயத்தை மாற்றுங்கள்.

#24 நைட்ஷிப்ட்_ஆந்தை

அப்ப எங்க ஆபீஸ்ல துணி தெரியாதவன் யாரு? வயசாயிட்டவன். "இவனுக்குப் புதுசெல்லாம் ஏறாது"ன்னு நினைச்சிருவாங்களோன்னுதான் நான் தலையை ஆட்டுனேன். எனக்கு நாப்பத்தொண்ணு. அந்தப் பொண்ணுக்கு இருபத்திரண்டு, அவளுக்கு அந்தப் பயம் இல்ல. இன்னும் ரெண்டு அப்ரைசல் போனா வந்துரும்.

#25 தறிநாடா

இந்தக் கதையை எங்க வீட்டுல யாருக்கும் பிடிக்காது. ஆரணிப் பக்கம். தாத்தா, அப்பா, நான் எட்டாவது வரைக்கும், எல்லாரும் குழித்தறியில உக்காந்தவங்க. எந்த நாட்டுக் கதையா இருந்தாலும் நெசவுக்காரன்னா திருடனாத்தான் வர்றான், பாத்தீங்களா? வெறுந்தறியை ஆட்டிட்டு, பட்டையும் ஜரிகையையும் மூட்டை கட்டிக்கிறானாம். எங்கப்பாவுக்குப் பாவும் ஊடையும் முதலாளி எடை போட்டுக் குடுப்பாரு, சேலையை எடை போட்டு வாங்குவாரு. கொஞ்சம் குறைஞ்சாலும் கூலியில பிடிப்பு. மூட்டை கட்ட எங்க இருக்கு?

நான் திருப்பி எழுதினேன்:

"ரெண்டு நெசவுக்காரங்க ராஜாகிட்ட வந்தாங்க. நாங்க நெய்யிற துணி எல்லார் கண்ணுக்கும் தெரியும், நெஞ்சவனைத்தான் யாருக்கும் தெரியாதுன்னாங்க. ராஜாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

மந்திரி தறிக்கூடத்துக்கு வந்தாரு. நாடா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது, துணி விரல் விரலா வளருது. 'ஆகா, மயில் கழுத்துக் கலரு! யாருப்பா நெஞ்சது?' 'நாங்கதாங்க, குழிக்குள்ள இருக்கோம்.' 'குரல் கேக்குது, ஆளைக் காணோமே.' 'கூலி எட்டு ரூபா ஏத்திக் குடுத்தா தெரிவோம்ங்க.' 'இப்ப குரலும் கேக்கல'ன்னு மந்திரி கிளம்பிட்டாரு.

ஊர்வலத்துல ராஜா துணியோடதான் வந்தாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. ஒரு சின்னப் பிள்ளை மட்டும் அம்மா கையைப் பிடிச்சு இழுத்துச்சு: 'அந்தத் துணிக்குள்ள யாரோ இருமுறாங்கம்மா.'"

#26 நெல்லியடி_நரி

...

நான் இண்டைக்கு இனி ஒண்டும் எழுத மாட்டன்.

#27 மூலப்பிரதி

தறிநாடா, இதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு மேசையில் நான் பேச்சு நடுவே இதைச் சொன்னபோது என் மனைவி உடுத்தியிருந்த சேலையைப் பார்த்தாள், நான் என் வேட்டியைப் பார்த்தேன்.

#28 காக்கா_கரிசல்

மூணாவது தடவை எழுதுறேன். இதுவும் சரியில்லன்னா விட்டுடறேன்.

"பாட்டி இருபது வடை சுட்டா. ஒண்ணைக் காக்கா தூக்கிட்டுப் போச்சு. நரி பாடச் சொல்லுச்சு, காக்கா பாடுச்சு, வடை விழுந்துச்சு.

ராத்திரி எட்டு மணிக்கு டிவியில விவாதம். தலைப்பு: ஏமாந்தது காக்கையா, ஏமாற்றப்பட்டது காக்கையா? நாலு பெட்டி. ஒண்ணுல காக்கா, ஒண்ணுல நரி, ஒண்ணுல இசை விமர்சகர், ஒண்ணுல மரம் சார்பா ஒருத்தர். பாட்டியைக் கூப்பிடலாமேன்னு புதுசா சேர்ந்த பையன் கேட்டான். அவங்களுக்கு எட்டு மணி வியாபார நேரம் சார்னு யாரோ சொல்லிட்டாங்க.

மறுநாள் மரத்தடியில கூட்டம். வரலாறு நடந்த இடம்னு கயிறு கட்டுனாங்க. பாட்டியைக் கடையை எடுக்கச் சொன்னாங்க. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி எனக்கு அட்டை குடுத்திருக்காங்கய்யான்னு பாட்டி சுருக்குப் பையில இருந்து எடுத்துக் காட்டுனா. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இது வேற மரம்னாங்க.

காக்காவுக்கு அங்க சிலை வச்சாங்க. வாயில கல் வடை. அன்னைக்கு நிஜக் காக்கா நூறு வந்து சிலை மேல உக்காந்துச்சு.

பாட்டி இருபது வடை சுட்டிருந்தா. பத்தொன்பது வித்தா. ராத்திரி தண்டல்காரர் வந்தார். இருபது வடைக்குக் கணக்குக் கேட்டார்."

கடைசி வரி என்னோடதில்ல, டீச்சரோட பையனோடது. அவன்கிட்ட சொல்லிருங்க.

தங்கச்சி மகளுக்கு நேத்து இதையே சொன்னேன். பாதியில தூங்கிட்டா. காக்கா சிலை வரைக்கும்தான் முழிச்சிருந்தா.

#29 ஈரோட்டு_மஞ்சள்

இது வேற மரம். அந்த ஒரு வரி போதும்ண்ணே.

#30 ஓட்டைவடை

இருபத்தொன்பது பதிவு ஆச்சு. நான் கேட்ட ஒரே கேள்விக்கு இன்னும் பதில் வரல. மசாலா, உளுந்தா?

#31 பெரியகுளம்_டீச்சர்

இன்னைக்கு அந்தப் பையனையே கேட்டுட்டேன். இப்ப ஏழாம் வகுப்பு. மசால் வடைதானாம். உளுந்து விக்கிற விலைக்கு அம்மாவுக்குக் கட்டுப்படியாகாதுன்னு சொன்னான்.